வெண்புள்ளிக்கு வீட்டிலேயே பிடிக்கும் கைவிளக்கு: ஒன்பது மாதப் பாவனைக்குப் பிறகு

கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவே, கைப்பிடி தடித்த சீப்பைப் போன்ற ஒரு வெள்ளைக் கருவி ஒன்பது மாதமாக இருக்கிறது. பார்ப்பவர்கள் அதைத் தலைமயிர் நேராக்கும் கருவி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிடுவேன். அதன் தலைப்பகுதிக்குள் ஒன்பது வாற்றுக் குழல் ஒன்று இருக்கிறது. 311 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய, குறுகிய பட்டையுடைய புற ஊதா பி கதிரை அது வெளியிடுகிறது. டொக்டர்மார் விட்டிலிகோ என்று சொல்லும் வெண்புள்ளி நோய்க்கு வீட்டில் வைத்தே ஒளிச்சிகிச்சை செய்துகொள்வதற்காக விற்கப்படும் இந்தக் கருவியை, இணையக் கடையொன்றின் மூலம், அனுப்புசெலவும் சேர்த்து 48,000 ரூபாவுக்கு வாங்கினேன்.

வாங்குவதற்கு முன் தமிழில் இதைப் பற்றித் தேடியபோது, விற்பவர்களின் விளம்பரங்களைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. ஆகவே பயன்படுத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கருவி நல்லது. அதனோடு வந்த வழிகாட்டித் தாள் மோசமானது; அதற்கு என் கழுத்தே சாட்சி. அதே கழுத்தில் இப்போது நிறம் திரும்பியிருப்பதும் உண்மை, விரல்களில் ஒரு புள்ளிகூடத் திரும்பவில்லை என்பதும் உண்மை. விற்பனையாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரே கருவியைப் பல பெயர்களில் பலர் விற்கிறார்கள், தாளும் பெரும்பாலும் ஒரே தாள்தான் என்று பின்னர் அறிந்தேன்.

எனக்கு 43 வயது. பிரதேச செயலகம் ஒன்றில் வேலை. வலப்பக்கக் கழுத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெண்மை, வாயின் ஓரத்தில் ஒரு சிறிய பொட்டளவு, வலக்கையின் மூன்று விரல் நுனிகள். கழுத்தில் வந்ததை முதலில் தேமல் என்று நினைத்து, ஐந்தாறு மாதம் பூஞ்சணக் களிம்பு பூசிக் காலத்தை வீணாக்கினேன். விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர்க்கண்கள் திரும்பின. சந்தையில் மீன் வாங்கும்போது, தெரிந்த ஒரு ஆச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "என்னகா புள்ள இது, குட்டமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்தே வாவியின் நடுவிலுள்ள மாந்தீவும், அங்கிருந்த தொழுநோய் வைத்தியசாலையும், தோணியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் கதைகளும் நினைவுக்கு வரும். வெண்குட்டம் என்ற பெயரே இந்த நோய்க்குச் செய்யப்பட்ட அநியாயம். தமிழ்நாட்டில் அரசாங்கமே அந்தப் பெயரைக் கைவிட்டு வெண்புள்ளிகள் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அது இன்னும் வாய்க்கு வரவில்லை.

விளக்கைப் பற்றிய எழுத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், விளக்கை விற்றவர்கள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த வெண்மைக்கு வாங்குகிறீர்கள், யாராவது பார்த்து உறுதிசெய்தார்களா என்று ஒரு வரி கிடையாது. தோல் கிளினிக்கில் டொக்டர் முதலில் செய்தது, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் என் கழுத்து வெண்மையைத் தொட்டு, கண்ணை மூடியபடி தொடும் இடத்தைக் காட்டச் சொன்னதுதான். தொழுநோயின் படையில் நிறம் மங்கும், முற்றாகப் பால்வெள்ளையாவதில்லை, அந்த இடத்தில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் உணர்ச்சி முழுதாக இருக்கும். பிறகு அறையை இருட்டாக்கி வூட்ஸ் விளக்கு எனப்படும் 365 நானோமீற்றர் அளவிலான கறுப்பு விளக்கைப் பிடித்தார். என் கழுத்து வெண்மை சுண்ணாம்பு பூசியதுபோல நீலவெள்ளையாக ஒளிர்ந்ததை அவர் நீட்டிய கண்ணாடியில் நானே பார்த்தேன். நிறக்கலங்கள் முற்றாக இல்லாத தோல் அப்படித்தான் ஒளிரும் என்றார். கிழக்கு மாகாணத்தில் தொழுநோய் இன்னும் கண்டுபிடிக்கப்பட்டு வரும் நோய். அது 6 அல்லது 12 மாத கூட்டுமருந்தில் முற்றாகக் குணமாகும். ஆனால் அந்தப் படைக்கு யாராவது மாதக்கணக்கில் இந்த விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், நரம்பு அதுவரை கெடாமல் காத்திருக்காது.

இனி விளக்கின் வேலை. வெண்புள்ளி என்பது உடலின் காவற்படையே நிறக்கலங்களைக் கொல்லும் நோய். அந்தப் படையைச் சேர்ந்த, சி.டி.8 என்று குறிக்கப்படும் டி கலங்கள் தோலுக்குள் புகுந்து மெலனோசைட் எனப்படும் நிறக்கலங்களை அழிக்கின்றன. அவை வெளிவிடும் இன்ரபெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதம் மேலும் பல டி கலங்களை அந்த இடத்துக்கு அழைக்கிறது. 311 நானோமீற்றர் கதிர் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, தோலில் அந்தப் படையின் வேகத்தைத் தணிக்கிறது. மற்றையது, மயிர்க்கால்களின் அடியில் ஒளிந்து தப்பியிருக்கும் நிறக்கல விதைகளைத் தூண்டி மேலே ஏறி வரச் செய்கிறது. வெண்புள்ளிக்கு இந்தக் கதிரைப் பயன்படுத்திய முதல் ஆய்வறிக்கை 1997 இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. அதற்கு முன்பு சோராலென் மருந்தும் புற ஊதா ஏ கதிரும் சேர்ந்த முறைதான் வழக்கம். சித்த வைத்தியர்கள் வெண்படைக்குக் கொடுக்கும் கார்போகரிசியில் இருப்பதும் அந்தச் சோராலென் வகைதான். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்று தோல் வெந்து போனவர்களை எங்கள் அம்மம்மா காலத்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

வாங்க விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழலின் இலக்கத்தை. என் கருவியில் இருப்பது பிலிப்ஸ் தயாரிப்பான பிஎல்-எஸ் 9 வாற்று, சாய்கோட்டுக்குப் பின் 01. அந்த 01 தான் குறுகிய பட்டை புற ஊதா பி. அதே உருவத்தில், அதே ஒன்பது வாற்றில், 12 என்று முடியும் குழலும் உண்டு. அது அகன்ற பட்டைக் கதிர். அதே நேரத்துக்குப் பிடித்தால் தோலை வெகு விரைவில் எரித்துவிடும். 10 என்று முடிவது புற ஊதா ஏ. நகப்பூச்சு உலர்த்தும் பெட்டிகளில் வருவதும் உருவத்தில் இதே போன்ற ஒன்பது வாற்றுக் குழல்கள்தான். அவற்றைக் கழற்றி வைத்தால் நீல ஒளி தெரியும், வேலை நடக்காது. எனக்கு வந்த குழல் சரியானதாக இருந்தது என்பதை விற்பனையாளரின் கணக்கில் ஒரு நல்ல புள்ளியாகவே எழுதுகிறேன்.

தாளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அரைப்பக்கம். "ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நிமிடம், நாளுக்கு ஒரு தடவை, வெற்றி 90 சதவீதத்துக்கு மேல்" என்ற பொருளில் நான்கு வரிகள். கிளினிக்குக்குப் போகும் நாள் வரை பொறுக்காமல், ஒரு வெள்ளிக்கிழமை இரவு தாள் சொன்னபடி கழுத்துக்கும் வாயோரத்துக்கும் மூன்று நிமிடம் பிடித்தேன். பிடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, இளஞ்சூடு, அவ்வளவுதான். படுத்த பிறகு மிளகாய் தடவியதுபோல எரியத் தொடங்கியது. மறுநாள் மதியத்துக்குள் வெண்மை முழுதும் செம்பருத்தி நிறமாகி, கழுத்து மடிப்பில் உளுந்தளவில் இரண்டு நீர்க்கொப்புளங்கள் எழும்பின. இந்தக் கதிரின் சூடு பிடித்தவுடன் தெரியாது, 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும் என்பதை அனுபவத்தில் படித்துக்கொண்டேன். வெண்புள்ளிக்காரர்களுக்கு இது வெறும் எரிகாயமல்ல. கீறல், தேய்ப்பு, சூடு பட்ட இடத்திலேயே புதிய வெண்மை பிறக்கும் குணம் இந்த நோய்க்கு உண்டு. கோப்னர் தோற்றப்பாடு என்று அதைச் சொல்கிறார்கள். நோயைத் துரத்த வந்த கருவி நோயை அழைத்துக்கொண்டு வரக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

பத்து நாள் கருவியைத் தொடாமல் இருந்து, பிறகு அதையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் தாளை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. கருவியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு இலக்கத்தைக் காட்டினார்: சீப்புப் பற்களின் நுனியில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாற்று. மில்லிவாற்றைச் செக்கன்களால் பெருக்கினால் மில்லியூல் வரும். வெண்புள்ளிக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 200 மில்லியூல். என் கருவிக்கு அது 40 செக்கன். தாள் சொன்ன மூன்று நிமிடம் 900 மில்லியூல், அதாவது தொடக்க அளவின் நாலரை மடங்கு. கணக்கு வேலை செய்து சம்பளம் வாங்கும் எனக்கு, இந்தப் பெருக்கலை வீட்டிலேயே செய்திருக்கலாமே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை. இன்னொருவருடைய கருவியில் அந்த இலக்கம் வேறாக இருக்கும்; ஆகவே என் 40 செக்கனை யாரும் பிரதி செய்ய வேண்டாம்.

அவர் எழுதித் தந்த முறை எளியது. ஒன்றுவிட்ட ஒரு நாள், 40 செக்கனில் தொடக்கம், சிவப்பு வராவிட்டால் அடுத்த தடவை பத்து சதவீதம் கூட்டல். வெண்மை இளஞ்சிவப்பாகி ஒரு நாளுக்குள் மறைந்தால் அதுவே சரியான அளவு, அங்கேயே நிற்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நின்றால் விட்டு, குறைத்துத் தொடங்க வேண்டும். இதைக் குறிக்க ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். தேதி, கழுத்து, வாயோரம், மூன்று விரல்கள், மறுநாட் காலை நிறம். தாள் முதல் நாளே பிடிக்கச் சொன்ன மூன்று நிமிடத்தை, இந்த முறையில் ஏறி, இரண்டாவது மாதக் கடைசியில்தான் எட்டினேன். அப்போது தோல் அதைத் தாங்கியது.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெண்மைக்குள் ஒன்றும் நடக்காமலிருக்க, கதிர் பட்ட ஓரத்துத் தோல் நன்றாகக் கறுக்கும். வெண்மை முன்பைவிட எடுப்பாகத் தெரியும். அலுவலகத்தில் இரண்டு பேர், கூடிவிட்டதா என்று கேட்டார்கள். தடித்த மட்டையில் கழுத்து வெண்மையின் வடிவத்தில் துளை வெட்டி, அதற்குள்ளால் பிடிக்கத் தொடங்கிய பிறகு இது குறைந்தது. அந்த மட்டை, கருவியோடு வந்த எல்லாத் துணைப்பொருள்களையும்விட எனக்குப் பயன்பட்டது.

கொப்பியின்படி 31ஆவது தடவைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கழுத்து வெண்மையின் நடுவில் கடுகு தூவியதுபோல ஐந்தாறு கபிலப் புள்ளிகளைக் கண்டேன். ஓரத்திலிருந்து வரும் என்று பார்த்திருந்தேன். அவை நடுவிலிருந்து வந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு பூனைமயிர் நின்றது. மயிர்க்காலுக்குள் தப்பியிருந்த விதைகள் மேலே வந்து பரவுகின்றன என்று படித்தது அந்த மயிரின் அடியில் கண்முன்னால் நடந்தது. அந்தப் புள்ளிகள் வாராவாரம் அகன்று ஒன்றையொன்று தொட்டன. இப்போது 112 தடவைகள் முடிந்த நிலையில், கழுத்தில் நான்கில் மூன்று பங்கு மூடியிருக்கிறது, வாயோரத்தில் பாதி. விரல் நுனிகள் அன்று போலவே இருக்கின்றன. மயிரில்லாத விரல் நுனியில் ஏறி வர விதைகள் இல்லை. வெண்மைக்குள் மயிரும் நரைத்துப் போனவர்களுக்கும் இதே கதைதான்.

என் ஒருத்தியின் கழுத்தை வைத்து ஒரு கருவிக்கு மதிப்பெண் போட முடியாது. நல்லவேளையாக, இதே வகைக் கைவிளக்கை வீட்டில் வைத்துப் பிடித்த ஆய்வொன்றே இருக்கிறது. பிரித்தானியாவில் நொட்டிங்காமை மையமாகக் கொண்டு நடந்த 'ஹை-லைட்' ஆய்வில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட 517 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மொமெற்றசோன் ஸ்ரீறொயிட் களிம்பும் புற ஊதாக் கதிர் வெளிவராத போலி விளக்கும், ஒரு குழுவுக்கு உண்மை விளக்கும் போலிக் களிம்பும், ஒரு குழுவுக்கு இரண்டும் உண்மை. விளக்கு ஒன்றுவிட்ட நாள். களிம்பு ஒரு கிழமை பூசி ஒரு கிழமை விட்டு. ஒன்பது மாத முடிவில், தெரிவு செய்த வெண்மை முன்பைவிட மிகவும் குறைவாகத் தெரிகிறது அல்லது தெரியவே இல்லை என்று சொன்னவர்கள் களிம்புக் குழுவில் 17 சதவீதம், விளக்குக் குழுவில் 22 சதவீதம், இரண்டும் சேர்ந்த குழுவில் 27 சதவீதம். களிம்பை இரண்டும் சேர்ந்த முறை தெளிவாக வென்றது. விளக்கு தனியாக வென்றது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருக்கவில்லை. தாளிலுள்ள 90 சதவீதத்தை இந்த 22 க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த ஆய்வில் கேள்வியும் கடுமையானது. நோயாளியே வேறுபாடு காண வேண்டும். வைத்தியசாலை ஒளிச்சிகிச்சைகளைத் திரட்டிப் பார்த்த, 2017 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் 35.7 சதவீதத்தினருக்கு நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ நிறம் திரும்பியிருந்தது. ஆறு மாதத்தில் அதே அளவை எட்டியவர்களை உடற்பாகம் வாரியாகப் பிரித்தபோது முகமும் கழுத்தும் 44.2 சதவீதம், உடம்பு 26.1 சதவீதம், கைகால்கள் 17.3 சதவீதம், கைப்பாதங்களும் காற்பாதங்களும் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை நான் கருவி வாங்கும் முன் வாசித்திருந்தால், விரல்களுக்காக இத்தனை நேரம் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதேநேரம், ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்றாவது மாதத்தில் கருவியை மூலையில் போடுவதும் பிழை. குறைந்தது 72 தடவை பிடித்த பிறகே பலனில்லை என்ற முடிவுக்கு வரவேண்டும் என்பது வெண்புள்ளி ஆய்வாளர் குழுவொன்றின் பரிந்துரை.

பாவனையில் சில குறைகள். கருவியின் நேரங்காட்டி மின்சாரம் போனால் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். மின்வெட்டு நாளில் எத்தனையாவது செக்கனில் நின்றது என்று தெரியாமல் அன்றைய தடவையைக் கைவிட்டிருக்கிறேன். இப்போது கைத்தொலைபேசியில் தனியாக நேரம் வைக்கிறேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான கல்லடிக் காற்றுக்கு, குழலின் பித்தளை முனைகளில் ஐந்தாம் மாதத்திலேயே பச்சை பிடித்துவிட்டது. துணியால் துடைத்து, அரிசிமூட்டைக்குப் போடும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கப் பழகிக்கொண்டேன். கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒரு சோடிதான் வந்தது. அறையில் இன்னொருவர் இருந்தால் அவரை வெளியே அனுப்ப வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சிறிய விடயமல்ல. சீப்புப் பற்களோ நல்ல யோசனை. தோலில் அவை முட்டும் வரை கொண்டுபோனால் தூரம் தானாகவே ஒன்றாகிவிடும், கதிரின் அளவும் மாறாது. வாயோரத்துக்குப் பிடிக்கும்போது உதட்டுக்குத் துத்தநாகக் களிம்பு பூச வேண்டும் என்று தாள் சொல்லவில்லை. அதையும் டொக்டர்தான் சொன்னார்.

ஆறாம் மாதத்தில் அக்கரைப்பற்றிலிருந்து பெரியம்மாவின் மகன் தொலைபேசி எடுத்தார். பெரியம்மாவுக்கு 76 வயது, நீண்டகால நீரிழிவு. மாதக்கணக்காகச் சொறிந்துகொண்டிருந்தவருக்குத் தொடையிலும் கையிலும் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. "தங்கச்சி, உண்ட லைட்ட ஒரு கிழமைக்குத் தாவன், அம்மாட கொப்புளத்துக்குப் புடிச்சுப் பாப்பம்" என்றார். தோல் நோய்க்கு நல்ல விளக்கு என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்ததன் பலன் அது. நான் கொடுக்கவில்லை, கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னேன். அங்கே நடந்ததை எழுதுவதற்குக் காரணம், இந்த விளக்கை யாருக்குப் பிடிக்கவே கூடாது என்பதைத் தாள் சொல்லாததுதான்.

டொக்டர் முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். வாய்ப்புண்ணோடு தொடங்கி, தொட்டால் கிழியும் தளர்ந்த கொப்புளங்கள் என்றால் அது பெம்பிகஸ் வல்காரிஸ். தோலின் மேற்கலங்களை ஒன்றோடொன்று பொருத்தும் டெஸ்மோகிளெயின் என்ற புரதத்தை உடலே தாக்கும் நோய் அது. பெரியம்மாவின் வாய் சுத்தமாக இருந்தது. அவருடைய கொப்புளங்கள் இறுகி, அழுத்தினாலும் உடையாமல் நின்றன. முதியவர்களுக்கு வரும் புல்லஸ் பெம்பிகொயிட் என்று சந்தேகித்து இரண்டு துண்டு தோல் எடுத்தார்கள். கொப்புள ஓரத்திலிருந்து எடுத்தது ஃபோர்மலினில் போனது. பக்கத்திலுள்ள நல்ல தோலிலிருந்து எடுத்த மற்றையது ஃபோர்மலின் படாமல் வேறு திரவத்தில் கொழும்புக்குப் போனது. ஒளிர்வுப் பரிசோதனைக்குரிய அந்தத் துண்டு ஃபோர்மலினில் விழுந்தால் பரிசோதனை பாழ் என்று தாதி இரண்டு தடவை உரத்துச் சொன்னது நினைவிருக்கிறது. மேற்தோலும் அடித்தோலும் ஒட்டும் கோட்டில் நேர்கோடாக ஒளிர்வு இருந்ததாக அறிக்கை வந்தது. அங்கேதான் இந்த நோயின் எதிர்ப்பொருள்கள் படிகின்றன.

பிறகு டொக்டர் மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்து, சீனி வருத்தத்துக்கான வில்டாகிளிப்ரின் மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். கிளிப்ரின் வகை மாத்திரைகள் எடுப்பவர்களில் சிலருக்கு இந்த நோய் வருவது ஆய்வுகளில் பதிவானது. அதற்குப் பதிலாக வேறு மருந்து எழுதினார். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றுவது டொக்டரின் வேலை. அத்தோடு, புற ஊதாக் கதிரே இந்த நோயைக் கிளப்பிவிட்ட சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உண்டு என்றார். அண்ணா கேட்டபடி நான் விளக்கைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்க விருப்பமில்லை. பெரியம்மாவுக்கு டொக்சிசைக்ளினும் பூசும் களிம்பும் கொடுத்தார்கள். பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் 253 பேரில் நடந்த ஆய்வில், ஆறு கிழமையில் கொப்புளத்தை அடக்குவதில் டொக்சிசைக்ளின் 74 சதவீதமும் பிரெட்னிசொலோன் 91 சதவீதமும் பெற்றன. ஆனால் ஒரு வருடத்தில் மருந்தால் வந்த கடுமையான தீங்கு முறையே 18, 36 சதவீதம். சீனியும் வயதும் உள்ளவருக்கு எது என்பதை அந்த நான்கு இலக்கங்களும் சொல்லிவிடுகின்றன. சில மாதங்களாக அவருக்குப் புதுக் கொப்புளம் இல்லை.

என் விடயத்துக்குத் திரும்புகிறேன். ஹை-லைட் முடிவைப் பார்த்த பிறகு டொக்டரின் எழுத்தோடு மொமெற்றசோனையும் கழுத்துக்குக் கிழமைவிட்டுக் கிழமை சேர்த்தேன். முகத்துக்கு ஸ்ரீறொயிட் வேண்டாமென்று வேறு களிம்பு தந்தார். புதிதாக வந்த இன்னொன்றும் உண்டு: நோயெதிர்ப்புச் சமிக்ஞையைத் தடுக்கும் ஜே.ஏ.கே. தடுப்பான் வகையைச் சேர்ந்த ருக்சோலிற்றினிப் களிம்பு 2022 யூலையில் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டோரின் வெண்புள்ளிக்கு அனுமதி பெற்றது. 24 கிழமையில் முகத்தில் நான்கில் மூன்று பங்கு நிறம் திரும்பியவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். அதன் விலையைக் கேட்டுவிட்டு என் விளக்கின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. இதற்கிடையில் கழுத்தைக் கறுப்பாக்க நான் இத்தனை பாடுபடுகையில், பாமசிக்குப் பாமசி வெள்ளையாக்கும் கிறீம் அடுக்கியிருப்பதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பயமும் வரும். 2013 இல் யப்பானில் றோடோடென்ட்ரோல் சேர்த்த வெண்மையாக்கும் கிறீம்களைப் பூசி, ஆயிரக்கணக்கானோருக்குத் திட்டுத் திட்டாக வெளுத்துப் போய், அவை திரும்பப் பெறப்பட்டன. ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருளால் நெற்றி நடுவே வெளுத்தவர்களும் உண்டு. எனக்கும் டொக்டர் ஒட்டுப்பொட்டை நிறுத்தச் சொன்னார், இப்போது குங்குமம்தான்.

விளக்கை நிறுத்தினால் நிறம் நிற்குமா என்பதே மீதிக் கேள்வி. ஹை-லைட் ஆய்வில், நிறுத்திய பிறகு ஏறத்தாழ 40 சதவீதமானோர் கிடைத்த பலன் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கழுத்துக்கும் வாயோரத்துக்கும் கிழமையில் இரண்டு நாளாகக் குறைத்து, பிறகு ஒரு நாளாக்கி, மெல்ல விடும் ஒழுங்கில் இருக்கிறேன். குழல் பழையதாகும்போது கதிர் குறையும். மாற்றுக் குழல் வந்ததும் நேரத்தை மீண்டும் கீழிருந்து தொடங்க வேண்டும், புதுக் குழலுக்குப் பழைய நேரத்தை வைத்தால் முதல் வெள்ளிக்கிழமை திரும்ப வரும். வழிகாட்டித் தாளை கொப்பியின் பின்னட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக. புதிய பக்கத்துக்குக் கோடு போடும்போது விரல்களுக்கான மூன்று நிரல்களையும் விட்டுவிட்டேன். இடம் மிச்சமானது, மறுநாட் காலை நிறத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத முடிகிறது.